குளோன் என்ற சொல்லும் மயில்நிறப் பெயின்ட்டும்

போன மாதம் கேகாலையில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் பக்கத்து நாற்காலியில் ஓர் இளம் தோட்ட உத்தியோகத்தர் வந்து உட்கார்ந்தார். நான் றப்பர்த் தவறணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஐயா, ஒரு சந்தேகங்க. குளோன்ங்கிற சொல்லே அந்த வெள்ளைக்கார ஆட்டுக்குட்டி பொறந்த பொறகு வந்ததுதானேங்க?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஓய்வு பெற்ற மனுசனிடம் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், கொழுப்பு எவ்வளவு, சீனி எவ்வளவு என்று கேளுங்கள், பதில் சொல்கிறேன். ஆனால் குளோனை ஆட்டுக்குப் பட்டா எழுதிக் கொடுத்தால் நான் சும்மா இருக்கமாட்டேன். "தம்பி, அந்த ஆட்டோட பாட்டனுக்குப் பாட்டன் பொறக்க முன்னாடியே அந்தச் சொல் நம்ம தோட்டத்துக்கு வந்திருச்சு" என்று ஆரம்பித்தேன். பந்தியில் உட்கார்ந்தும் பேசினேன். பாயாசம் வந்தபோது கதை பாதியில்தான் நின்றது. மேசையில் இருந்த நான்கைந்து இளசுகளும் "எழுதிக் குடுங்கய்யா" என்றார்கள். எழுதிவிட்டேன். இனி யாரும் என்னிடம் ஆட்டைக் கொண்டுவரக்கூடாது.

தவறணை என்றால் எங்கள் பக்கத்தில் நாற்று வளர்க்கும் இடம். யாழ்ப்பாணத்து நண்பர்கள் அந்தச் சொல்லைக் கேட்டால் கள்ளுக்கடையை நினைத்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கித்துல்கலைக்குப் போகும் பாதையில் இறங்கி, மேட்டுப் பக்கம் கொஞ்சம் ஏறினால் எங்கள் தோட்டம். நான் பள்ளிக்கூடம் முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். பெரட்டில், அதாவது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தில், பேர் கூப்பிடப் பழகினேன், பால் நிறுக்கப் பழகினேன், பிறகு ஒட்டுக் கட்டும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சியில் என் விரலை நான் வெட்டிக்கொண்டதைத் தவிர சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. தொண்ணூற்றிரண்டில் தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போனபோது நான் தவறணைக்குப் பொறுப்பாக இருந்தேன்.

ஒட்டுக் கட்டுவதை நான் விவரமாகத்தான் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விதையிலிருந்து வளர்ந்த கன்று ஒன்று வேண்டும். அதை அடிக்கன்று என்போம். அதன் தண்டில், மண்ணுக்குச் சற்று மேலே, நெட்டாக இரண்டு கீறல், குறுக்காக ஒரு கீறல். பால் வடியும். அவசரப்படக்கூடாது, வடிந்து நின்றபின் துணியால் துடைக்க வேண்டும். வேண்டிய வகை மரத்தின் கொப்பிலிருந்து துளிர் விடும் ஒரு கண்ணைப் பட்டையோடு சீவி எடுத்து, உள்ளே ஒட்டியிருக்கும் மரச் சிராயைப் பட்டை வளையாமல் உரிக்க வேண்டும். உள்பக்கத்தில் விரல் பட்டால் போச்சு. கண்ணைத் தலைகீழாக வைத்தாலும் போச்சு. கீறிய பட்டையைத் திறந்து கண்ணைச் செருகி, பொலித்தீன் நாடாவால் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். மூன்று வாரம் கழித்து நாடாவை அறுத்து, ஒட்டிய பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்போம். பச்சை தெரிந்தால் கண் பிடித்துவிட்டது. கறுத்திருந்தால் செத்துவிட்டது. பிடித்துவிட்டால் அடிக்கன்றின் தலையை வெட்டிவிடுவோம். அதன் பிறகு வேர் ஒன்றினுடையது, மேலே வளரும் மரம் இன்னொன்றினுடையது.

அந்தக் கண் எந்த மரத்தின் கொப்போ, அதே மரம்தான் திரும்ப வளரும். பால் தரும் அளவு, பட்டையின் தடிப்பு, நோய் தாங்கும் சக்தி எல்லாம் அச்சு அசல். இப்படி ஒரே மரத்தின் கொப்புகளிலிருந்து வந்த கூட்டம் முழுவதும் ஒரு குளோன். ஒவ்வொரு குளோனுக்கும் ஒரு நம்பர் உண்டு. நம்பரை யார் ஞாபகம் வைத்திருப்பது? கன்று நிற்கும் கறுப்புப் பையின் மேல் வகைக்கொரு நிறத்தில் பெயின்ட் பொட்டு வைப்போம். ஆகவே எங்கள் ஆட்களுக்கு நீலம், பச்சை, சிவப்பு என்பதுதான் அவற்றின் பெயர். இரண்டு வகை கலந்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். றப்பர் மரம் பால் வெட்டுக்கு வர ஆறேழு வருசம் ஆகும். கலந்த கன்றை வாங்கி நட்ட ஏழை, அத்தனை வருசம் கழித்துத்தான் தலையில் கை வைப்பான். அதனால்தான் தவறணைக்காரனுக்குக் கலப்படம் என்ற சொல்லே கெட்ட வார்த்தை.

எங்கள் தோட்டத்து நிர்வாகி, அதாவது பெரிய துரை, வீரக்கோன் துரை. ஒல்லியான சிங்களவர், தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார். சத்தம் போட்டு ஏசியதே இல்லை. அதற்குப் பதிலாக "ஏன்?" என்று கேட்பார். பதில் சொன்னால் அந்தப் பதிலுக்கும் "ஏன்?" மூன்றாவது ஏனுக்கு உண்மை தானாக வெளியே வந்துவிடும். கோபம் மிஞ்சினால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதைப் பார்த்தால் நான் மெல்ல நழுவிவிடப் பார்ப்பேன். வேறு துரைமார் டென்னிஸ் விளையாடினார்கள். இவருடைய பொழுதுபோக்கு சொற்களின் பூர்வீகம் பார்ப்பது. பங்களாவில் தடித்தடி அகராதிகள் இருந்தன.

தொண்ணூற்றேழில் அந்த ஆட்டுச் செய்தி வந்தது. பத்திரிகையில் கொட்டை எழுத்தில் குளோன் என்று போட்டிருந்தார்கள். தேத்தண்ணி நேரத்தில் நான் அதை ஒட்டுக்கட்டும் ஆட்களுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள், ஒருத்தியைத் தவிர.

அவள் காமாட்சி. என் வயதுக்காரி. நாக்கும் கத்தியும் ஒரே கூர்மை. பால் வாளியோடு சரிவில் விழுந்து முழங்கால் போனபின், உட்கார்ந்து செய்கிற வேலை என்று தவறணைக்கு வந்தவள். வந்த வருசமே எல்லாரையும் விட நன்றாக ஒட்டுக் கட்டினாள், அதைத் தினமும் எங்களுக்கு நினைவூட்டவும் செய்தாள். புருசன் இல்லை. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில்.

"ஆட்டுக்கு ஒட்டுக் கட்டுனாங்களா? எந்த எடத்துலங்கய்யா பட்டைய சீவுனாங்க?" என்று கேட்டாள் காமாட்சி.

பின்னால் சிரிப்புச் சத்தம். துரை நின்றிருந்தார். சிரித்த வேகத்தில் ஒரு வெற்றுப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தே விட்டார்.

"கேளுங்க. கிரேக்க தேசத்தில பழைய காலத்துத் தோட்டக்காரன் மரத்தில இளங்கொப்பை ஒடிச்சு மண்ணில நடுவான். அந்த ஒடிச்ச கொப்புக்கு அவங்க பாசையில க்ளோன். ஒடிக்கிறதுங்கிற சொல்லில இருந்து வந்த பேர்."

"நம்ம கொப்புத்தான்" என்றான் ஆறுமுகம் கங்காணி. அவன் ஒட்டுக்கட்டும் ஆட்களுக்கு மேற்பார்வை. கோயில் கமிட்டித் தலைவரும் அவன்தான்.

"அதேதான். பிறகு அந்தச் சொல் புத்தகத்துக்குள்ள போய்த் தூங்கிடுச்சு. நம்ம தாத்தா காலத்தில அமெரிக்காவில ஒரு பயிர் விஞ்ஞானி. விதையில்லாம, கொப்பில, கிழங்கில, ஒட்டில இருந்து வர்ற கூட்டத்துக்குச் சின்னதா ஒரு பேர் தேடினார். கிரேக்கக் கொப்பை எடுத்து எழுப்பிவிட்டார். இங்கிலீஷ்காரன் அதுக்கு வால் மாதிரி ஓர் எழுத்தைச் சேர்த்தான். ஜெர்மன்காரன் தன் எழுத்தில எழுதிக்கிட்டான். டச்சுக்காரனுக்கு ஜாவாவில றப்பர் இருந்துச்சு, ஒட்டுக் கட்டுற வித்தையே அங்கதான் முதல்ல நல்லா வந்துச்சு. அவனும் எடுத்துக்கிட்டான். பிரெஞ்சுக்காரன் எடுத்தான். இத்தாலிக்காரன் கடைசியில ஏகாரம் போட்டு க்ளோனே என்றான். ரஷ்யாக்காரன் தன் எழுத்தில எழுதினான். எல்லாருக்கும் சொல் ஒண்ணுதான். மரத்தில இருந்து கிருமிக்குப் போச்சு, தவளைக்குப் போச்சு, இப்ப ஆட்டுக்கு வந்திருக்கு. ஆட்டுக்கு முன்னாடி அது நம்மளுது."

காமாட்சி கத்தியைத் துணியில் தேய்த்தாள். "அப்ப அந்தப் பேரும் ஒட்டுக் கட்டுன பேருதாங்க தொரை. கண்ணு ஒண்ணு. அந்தந்த நாட்டு வேருல கட்டியிருக்காங்க" என்றாள்.

துரை கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் அன்றைக்கு அவர் துடைத்தது கண்ணை.

அதற்கடுத்த வருசம் இடி விழுந்தது. கம்பெனியின் கொழும்பு மனேஜர் வந்தார். கன்றை வெளியில் வாங்கினால் மலிவு, தவறணையை மூடலாம், ஆட்களைப் பால் வெட்டுக்கும் புல்லு வெட்டுக்கும் அனுப்பலாம் என்றார். மலையில் ஏற முடியாதவர்களின் பேரைச் செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், வெட்டிவிடலாம் என்றும் சொன்னார். அவர் காமாட்சியின் பேரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை, மலையேற முடியாதவள் அவள் ஒருத்திதான். பேர் வெட்டினால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் நிலைக்காது. இரண்டு பிள்ளைகளோடு அவள் எங்கே போவாள்?

துரை ஒரு வழி கண்டுபிடித்தார். சிறு காணிக்காரர்களுக்கு றப்பர்க் கன்று கொடுக்க வெளிநாட்டு உதவித் திட்டம் ஒன்று எங்கள் பகுதியில் நல்ல தவறணையைத் தேடிக்கொண்டிருந்தது. சோதித்துப் பார்க்க ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வருவார்கள். அவர்கள் எங்களைத் தேர்ந்தெடுத்தால் தவறணை நிற்கும். கலப்படம் கண்டால் அந்த மாசமே பூட்டு. மனேஜரும் இதற்குச் சம்மதித்தார்.

காமாட்சி என்னிடம் வந்தாள். "ஐயா, நான் யாருகிட்டயும் கெஞ்ச மாட்டேன். ஆனா இந்தத் தவறணை நிக்கணும். எனக்கு வேற போக்கில்ல" என்றாள். அவள் அப்படித் தணிந்து பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

இப்போது பெயின்ட் கதைக்கு வருகிறேன். அந்த வருசம் தேர்த் திருவிழா. எங்கள் கோயில் முருகன் கோயில். தேரில் இருந்த மயில் மழையில் வெளுத்துப்போய்க் கோழி மாதிரி நின்றது. ஆறுமுகம் தவறணையிலிருந்து நீலப் பெயின்ட் டின்னையும் பச்சைப் பெயின்ட் டின்னையும் கோயிலுக்கு எடுத்துப்போனான். தோட்டத்தில் சாமி காரியத்துக்கு என்றால் யார் இல்லை என்பார்கள்? நீலத்தையும் பச்சையையும் ஒன்றாகக் கலந்து மயிலுக்கு அடித்தார்கள். அப்படியொரு மயில்! வரக்காப்பொலயிலிருந்து வந்த சொந்தக்காரர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

ஆறுமுகம் நேர்மையான மனிதன். மிஞ்சிய பெயின்ட்டைத் தோட்டத்துச் சொத்து என்று பத்திரமாக எடுத்துவந்தான். இரண்டு டின்னிலும் சரிபாதியாக ஊற்றி, மூடி, பழைய இடத்திலேயே வைத்துவிட்டான்.

திருவிழா முடிந்து, புதிதாகப் பிடித்த கன்றுகளுக்குப் பொட்டு வைத்தார்கள். நீலப் பாத்திக்கு நீல டின், பச்சைப் பாத்திக்குப் பச்சை டின். இரண்டு பாத்திக்கும் ஆட்கள் வேறு. டின்னின் வெளியே இருந்த நிறத்தைப் பார்த்தார்கள், உள்ளே இருந்ததை எவனும் பார்க்கவில்லை. நான் அந்த வாரம் கொழும்பில் பயிற்சிக் கூட்டத்தில் இருந்தேன். பாத்திகள் தனித்தனியாக இருந்தவரை ஒன்றும் கெட்டுவிடவில்லை. பிறகு எங்கள் பக்கத்து மழை பெய்தது. தெரிந்தவர்களுக்குத் தெரியும், வானத்தைக் கவிழ்த்துக் கொட்டும். மழைநீர் ஓடும் கானை உடைத்துக்கொண்டு தண்ணீர் பாத்திக்குள் புகுந்தது. லயமே திரண்டு வந்து பைகளைத் தூக்கி மேட்டில் கொண்டுபோய் வைத்தது. கன்றுகள் பிழைத்தன. நிறம் பார்த்துப் பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சந்தோசமாகப் போய்த் தூங்கினார்கள்.

நான் கொழும்பிலிருந்து திரும்பி வந்து பார்த்தால், மேட்டில் நின்ற அத்தனை பையிலும் மயில் நிறம். ஆறுமுகத்தைப் பிடித்து வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

"சாமி காரியம்ங்கய்யா! மிச்சத்தக்கூட நான் வச்சிக்கலையே. ரெண்டு டின்னுலயும் சரியாப் பங்கு வச்சுத்தானே ஊத்துனேன்!" என்று அவன் என்னைவிடச் சத்தமாகக் கத்தினான்.

துரை வந்தார். நான் எதையும் மறைக்கவில்லை.

"ஏன் எல்லாம் ஒரே நிறம்?"

"பெயின்ட் கலந்துபோச்சு சேர்."

"ஏன்?"

"தேர் மயிலுக்கு அடிச்சாங்க சேர்."

"ஏன் மயில்?"

"முருகன் சேர்."

வருசா வருசம் அதே முருகனைக் கும்பிடக் கதிர்காமத்துக்குப் போகிற மனிதர் அவர். நான்காவது ஏனை அவர் கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னிடம், "சந்திரன், ஒவ்வொரு கன்றையும் இலையைப் பார்த்துப் பிரி" என்றார்.

பிரித்தோம். நீல வகையின் இலை மினுக்கமாக இருக்கும், நடு இலையின் இரண்டு ஓரமும் மேலே மடிந்து ஓடம் போலத் தெரியும். பச்சை வகையின் இலை தட்டை, மங்கல், காம்பு கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். பெரிய மரத்தில் இது சுலபம். இளங்கன்றில் கண் வலித்துப்போகும். காமாட்சியை ஒரு பெட்டி மேல் உட்காரவைத்து, ஆட்கள் வரிசையாகப் பைகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். "நீலம். நீலம். பச்சை. தள்ளிப் போடு, இலை சரியில்ல" என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். இன்னொரு பக்கம் நான் திரும்பவும் சரிபார்த்தேன். எங்களுக்குள் சண்டை வந்த கன்றை இரண்டு பேரும் சேர்ந்து குப்பையில் எறிந்தோம். ஆறுமுகம் விரதம் இருந்துகொண்டே பை சுமந்தான்.

எல்லாம் முடிந்ததும், புதுப் பெயின்ட் வாங்கி ஒழுங்காகப் பொட்டு வைக்கலாம் என்று துரையிடம் கேட்டேன். "வேண்டாம். பெயின்ட் ஒரு தடவை பொய் சொல்லிடுச்சு. அதை வச்சு நாமளும் பொய் சொல்லக்கூடாது. அவங்க கேட்டா நடந்ததைச் சொல்லுவோம்" என்றார். இந்த மனுசனுக்குப் பைத்தியமா என்று நினைத்தேன்.

மூன்று பேர் வந்தார்கள். தலைமை ஒரு ஜெர்மன் அம்மா, ஹெல்கா என்று பெயர். நல்ல உயரம், சிரிப்பே கிடையாது. ஒரு டச்சுக் கிழவர். ஓர் இத்தாலிக்கார இளைஞர். கொழும்பு மனேஜரும் கூட வந்தார். துரையோடு ஆங்கிலத்தில் பேசினார்கள், ஹெல்கா அம்மாவும் டச்சுக்காரரும் தங்களுக்குள் ஜெர்மனில் பேசிக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் வரிசையாக நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். ஒன்றும் புரியவில்லை, ஒரு சொல்லைத் தவிர.

"ஐயா, தொரசாணி க்ளோன்ங்குறாங்க. கெழவரும் க்ளோன்ங்குறாரு. அந்தத் தம்பி க்ளோனேங்குறாரு" என்று காமாட்சி என் காதில் கிசுகிசுத்தாள். "தொரை சொன்னது பொய்யில்லீங்க."

ஹெல்கா அம்மா இரண்டு பாத்தியையும் பார்த்தார், பையிலிருந்த பொட்டைப் பார்த்தார். இரண்டு குளோனுக்கும் ஏன் ஒரே நிறம் என்று கேட்டார். துரை முழுக் கதையையும் சொன்னார். தேர், மயில், ஆறுமுகம் பங்கு வைத்து ஊற்றியது, மழை எல்லாம். இத்தாலிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மனேஜரின் முகம் கறுத்துப்போனது. ஹெல்கா அம்மா சிரிக்கவில்லை. "பிரித்துவிட்டோம் என்கிறீர்கள். அப்படியானால் நான் திரும்பக் கலக்கிக் கொடுத்தால் உங்களுக்கு ஆட்சேபம் இருக்காதே?" என்றார்.

துரை என்னைப் பார்த்தார். நான் காமாட்சியைப் பார்த்தேன். விசயத்தைத் தமிழில் சொன்னேன்.

"கலக்கட்டும்" என்றாள்.

ஹெல்கா அம்மாவும் டச்சுக் கிழவரும் தாங்களே இரண்டு பாத்தியிலும் புகுந்து, குனிந்து குனிந்து பார்த்து, பை பையாகத் தேர்ந்தெடுத்தார்கள். எது எதிலிருந்து வந்தது என்று தங்களுக்கு மட்டும் தெரியும்படி குறித்துக்கொண்டு எல்லாவற்றையும் வெளியில் கலந்து வைத்தார்கள். காமாட்சி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து போய் நடுவில் பெட்டியைப் போட்டு உட்கார்ந்தாள். ஆறுமுகம் பை தூக்கிக் காட்ட வந்தான். அவன் உதடு முருகா முருகா என்று முனகிக்கொண்டே இருந்தது.

"நீலம்" என்றாள். ஆறுமுகம் வலப்பக்கம் வைத்தான். "பச்சை." இடப்பக்கம். "நீலம். நீலம். பச்சை." டச்சுக் கிழவர் தன் குறிப்பைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். என் சட்டை முதுகில் ஒட்டியது. மனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டார்.

கடைசிப் பைகளில் ஒன்றைத் தூக்கிக் காட்டியதும் காமாட்சி வாயைத் திறக்கவில்லை. இலையைத் தொட்டாள். திருப்பினாள். எனக்குத் தூரத்தில் இருந்து பார்க்க அது நீலம் மாதிரித்தான் தெரிந்தது. "நீலம்னு சொல்லு புள்ள" என்று ஆறுமுகம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்கே கேட்டது.

அவள் பையை மடியில் இறக்கி வைத்து, தண்டின் அடியில், மழையில் ஏறி மூடியிருந்த மண்ணை விரலால் தோண்டினாள். செருகிய கண் இருந்த இடம் கறுத்துக் கிடந்தது. தளிர் அதற்குக் கீழே, அடிக்கன்றின் சொந்தப் பட்டையிலிருந்து வந்திருந்தது. ஒட்டு செத்து, காட்டுக் கொப்பு தலையெடுத்திருக்கிறது. நாங்கள் அத்தனை பேரும் பார்த்தும் தப்பியிருக்கிறது. இன்னும் மோசம், பட்டையில் கீறல் அடிப்பக்கம் ஒடுங்கியிருந்தது. அப்படிக் கீறுகிறவள் எங்கள் தவறணையில் ஒருத்திதான்.

காமாட்சி அதைப் பார்த்தாள். அவளுக்குத் தன் வெட்டுத் தெரியாதா? இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் நிமிர்ந்து நேராக ஹெல்கா அம்மாவைப் பார்த்தாள். யாருடைய மொழிபெயர்ப்புக்கும் காத்திருக்கவில்லை.

"க்ளோன் இல்ல தொரசாணி" என்றாள், தலையைப் பலமாக ஆட்டிக்கொண்டு. கறுத்த கண்ணைக் காட்டினாள். பிறகு தன் நெஞ்சில் தட்டினாள். "நான் கட்டுனது. செத்துப்போச்சு. க்ளோன் இல்ல."

கன்றைப் பையோடு தூக்கிக் குப்பை மேட்டுப் பக்கம் வீசினாள்.

ஹெல்கா அம்மா குனிந்து, அவள் முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்தார். "கைன் க்ளோன்" என்றார். ஜெர்மனில் அதற்கும் அதே அர்த்தம்தான், குளோன் இல்லை. சொல்லிவிட்டு அந்த அம்மா சிரித்தார் பாருங்கள், வந்ததிலிருந்து அடக்கி வைத்த சிரிப்பையெல்லாம் ஒன்றாகச் சிரித்தார். காமாட்சியின் மண் பிடித்த கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார்.

பிறகு துரையிடம் ஆங்கிலத்தில் நிறையப் பேசினார். துரை எங்களுக்குத் தமிழில் சொன்னார். "இந்தம்மா அந்தக் கன்றைப் பாத்தியிலேயே கண்டுபிடிச்சிட்டாங்க. தெரிஞ்சுதான் எடுத்து வச்சாங்க. செத்த ஒட்டு எல்லாத் தவறணையிலும் இருக்குமாம். அதைத் தானே தூக்கி எறிகிற தவறணையைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்தாங்களாம்."

ஆறுமுகம் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான். பெண்கள் குலவை போட்டார்கள். இத்தாலிக்காரரும் அதைப் போட்டுப் பார்த்து இருமினார். கொட்டகையில் அன்றாட வேலை எழுதும் கரும்பலகை இருந்தது. டச்சுக் கிழவர் சோக்கட்டியை எடுத்து அந்தச் சொல்லைத் தன் மொழியில் எழுதினார். நடுவில் இரண்டு வட்டம் உருட்டினார். ஹெல்கா அம்மா ஜெர்மனில் எழுதி, பள்ளிக்கூடத்தில் படித்த ரஷ்ய எழுத்திலும் எழுதினார். இத்தாலிக்காரர் எழுதிவிட்டு, "க்ளோ...னே" என்று பாடியே காட்டினார். துரை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதினார். நான் தமிழில் எழுதினேன். ஒவ்வொன்றையும் அவரவர் வாசிக்க, எங்கள் ஆட்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலச் சேர்ந்து சொன்னார்கள். சொல்லச் சொல்ல ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது. பங்களா சமையல்காரர் சத்தம் கேட்டு ஓடி வந்துவிட்டார். நான் வேலை பார்த்த காலத்தில் அதைப் போல ஒரு நாள் எனக்கு இன்னொன்று வாய்க்கவில்லை, பெருமையோடுதான் சொல்கிறேன்.

எங்கள் கன்றுகள் அதன்பின் லொறி லொறியாகச் சிறு காணிகளுக்குப் போயின. இரண்டாயிரத்து ஒன்பதில் நான் ஓய்வு பெறும்போது, அவற்றில் முதலில் போனவை பால் வெட்டுக்கு வந்து வருசங்கள் ஆகியிருந்தன. ஒரு காணிக்காரரும் தலையில் கை வைக்கவில்லை.

ஆனால் அந்த இளசுகளுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது சோதனைக்கு மறுநாள் காலையில் நடந்ததை. தவறணை நிற்கும், ஆட்கள் அங்கேயே இருப்பார்கள் என்று மனேஜர் விடியற்காலையிலேயே துரைக்கு போன் பண்ணிச் சொல்லிவிட்டார். நான் பெரட்டுக்குப் போனேன். மலைக்குப் போகிறவர்கள், பால் வெட்டுக்காரர்கள் எல்லோரும் நின்றார்கள். செய்தி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் அவரவர் பேரைக் கூப்பிட்டால்தானே அது உண்மை. காமாட்சி முன்வரிசையில், புதுச் சேலையில், இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"தவறணைக்குக் காமாட்சி" என்றேன்.

பதில் இல்லை.

"காமாட்சி!"

"கொஞ்சம் சத்தமாக் கூப்புடுங்கய்யா. மேல் லயத்துக்குக் கேக்கல" என்றாள்.

தொண்டை கிழிய, மலை எதிரொலிக்கக் கூப்பிட்டேன்.

"இருக்கேன்!" என்றாள்.